பதினான்கு வருடம் தள்ளிப்போன ரிலீஸ்

பணம் இருந்தது. திறமை இருந்தது. வாங்கக் கூட்டமும் காத்திருந்தது. ஆனாலும் டெக்சாஸின் ஒரு சின்ன கம்பெனி தன் புது சாஃப்ட்வேரை வெளியே கொண்டுவர முடியாமல் கடைசியில் குழுவையே கலைத்தது. ஏன்?

ஒரு சாஃப்ட்வேர் சொன்ன தேதிக்கு வரவில்லை என்றால் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். கையில் காசு இல்லை. வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. வெளியிட்டாலும் யார் வாங்குவார்கள் என்ற பயத்தில் முதலாளி இழுத்தடிக்கிறார். சின்ன கம்பெனிகளில் இந்த மூன்றும் சேர்ந்தே இருப்பதுண்டு.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரை ஒட்டிய கார்லண்ட் என்ற ஊரில் இருந்த ‘3டி ரியல்ம்ஸ்’ கம்பெனிக்கு இந்த மூன்று கஷ்டமும் இல்லை. முந்தைய கேம் உலகம் முழுக்க விற்றுப் பணம் கொட்டியிருந்தது. துறையின் தேர்ந்த கைகள் அங்கே வேலை பார்த்தன. அடுத்த பாகம் எப்போது என்று ரசிகர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். 1997 ஏப்ரலில் ‘ட்யூக் நியூகெம் ஃபாரெவர்’ என்ற புது கேமை அந்தக் கம்பெனி அறிவித்தது. அடுத்த வருடமே வந்துவிடும் என்றார்கள். அது கடைக்கு வந்தது 2011 ஜூனில். அப்போது அதை முடித்துக் கொடுத்ததும் வேறொரு கம்பெனி.

இதைக் கேம் ஆடுகிறவர்களின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கேமும் சாஃப்ட்வேர்தான். ஜவுளிக் கடைக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் பத்துப் பேர் கம்பெனியிலும் இதே ஆசையும் இதே பயமும் உண்டு. மற்ற இடங்களில் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அடங்கிவிடுகிற நோய் இங்கே பதினான்கு வருடம் நீடித்தது. அதனால்தான் எந்த இடத்தில் எது பிசகியது என்று நம்மால் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது.

முதல் பாகம் இலவசம்

3டி ரியல்ம்ஸை நிறுவிய ஸ்காட் மில்லர் 1987-இல் ‘அப்போஜீ சாஃப்ட்வேர்’ என்ற பெயரில் தொழில் தொடங்கினார். அப்போது ‘ஷேர்வேர்’ என்றொரு முறை இருந்தது. எழுதியவர் தன் சாஃப்ட்வேரை முழுசாக இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்வார். பெரும்பாலானவர்கள் அனுப்ப மாட்டார்கள். மில்லர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். கேமைப் பாகம் பாகமாகப் பிரித்தார். முதல் பாகத்தை மட்டும் இலவசமாக விட்டார். ஃப்ளாப்பியில் நண்பருக்கு நண்பர் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். மோடம் வழியாக ஊர் ஊராக அது பரவியது. மீதிப் பாகங்கள் வேண்டுமென்றால் நேராக மில்லருக்குப் பணம் அனுப்ப வேண்டும். பணம் வந்தது. கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை, பெரிய விளம்பரச் செலவு இல்லை, லாபத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வெளியீட்டாளர் நடுவில் இல்லை. பள்ளிக் காலத் தோழர் ஜார்ஜ் புரூஸார்ட் பங்குதாரராக வந்து சேர்ந்தார்.

பின்னாளில் ‘டூம்’ கேமால் உலகப் புகழ் பெற்ற ஜான் கார்மக், ஜான் ரொமேரோ கூட்டணியும் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது மில்லரின் தயவில்தான். அவர்களுடைய ‘கமாண்டர் கீன்’ 1990-இலும், ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ 1992-இலும் அப்போஜீ வழியாகவே வெளிவந்தன. அதாவது, இந்தக் கார்லண்ட் கம்பெனி சாதாரண ஆட்டக்காரர் இல்லை. சிறு சாஃப்ட்வேர் கம்பெனி பெரியவர்களின் கையை எதிர்பார்க்காமல் பிழைக்க முடியும் என்று அந்தத் தலைமுறைக்கே காட்டியவர்கள் அவர்கள்.

சொந்தத் தயாரிப்பாக ‘ட்யூக் நியூகெம்’ 1991-இல் வந்தது. 1993-இல் இரண்டாம் பாகம். பிறகு, 3டி ரியல்ம்ஸ் என்ற புதுப் பெயரில் 1996 ஜனவரியில் ‘ட்யூக் நியூகெம் 3டி’. இருபது வயதைத் தொட்ட கென் சில்வர்மன் என்ற இளைஞர் எழுதிய ‘பில்ட்’ இன்ஜின்மேல் ஒரு சின்னக் குழு அதைக் கட்டி எழுப்பியது. சுமார் 35 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. புரூஸார்டும் மில்லரும் செல்வந்தர்கள் ஆனார்கள்.

அடுத்த கேமை யாருடைய பணமும் இல்லாமல் தாங்களே எடுக்கலாம் என்ற துணிவு இந்த வெற்றியில் பிறந்தது. அந்தத் துணிவு நியாயமானதுதான். ஆனால் பிறகு நடந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு தடவை மாறிய அஸ்திவாரம்

கேம் இன்ஜின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். திரையில் சுவர் தெரிவது, வெளிச்சம் விழுவது, தூக்கிப் போட்ட பொருள் தரையில் மோதி எகிறுவது எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டும் அடிப்படைச் சாஃப்ட்வேர்தான் இன்ஜின். கதை, காட்சி, பாத்திரங்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கும். சொந்தமாக எழுத வருடக்கணக்காகும் என்பதால் பல கம்பெனிகள் அடுத்தவருடைய இன்ஜினை உரிமம் வாங்கிப் பயன்படுத்தும்.

புரூஸார்டும் அதையே செய்தார். கார்மக்கின் ‘இட் சாஃப்ட்வேர்’ கம்பெனி அப்போது தயாரித்துக்கொண்டிருந்த ‘குவேக் 2’ இன்ஜினுக்கு உரிமம் வாங்கினார். 1998 மே மாதம் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியில் அதில் செய்த டிரெய்லரைக் காட்டினார்கள். நல்ல வரவேற்பு. ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஜூனில் வேறொரு அறிவிப்பு வந்தது. குவேக் 2 வேண்டாம், எபிக் கம்பெனியின் ‘அன்ரியல்’ இன்ஜினுக்கு மாறுகிறோம்.

காரணம் இல்லாமல் இல்லை. கதை லாஸ் வேகாஸிலும் அதைச் சுற்றியுள்ள நெவாடா பாலைவனத்திலும் நடக்கிறது. குவேக் இன்ஜின் இருண்ட அறைகளுக்கும் தாழ்வாரங்களுக்கும் பொருத்தமானது. பரந்த வெட்டவெளியைக் காட்ட அன்ரியல் மேல். தனியாகப் பார்த்தால் சரியான முடிவுதான். சில வாரங்களில் மாறிவிடலாம் என்று புரூஸார்ட் நம்பிக்கையாகச் சொன்னார். ஆனால் சாஃப்ட்வேரில் அடித்தளத்தை மாற்றினால் மேலே இருக்கும் எதுவும் அப்படியே நிற்பதில்லை. முந்தைய இன்ஜினுக்கென்று செய்த வேலை பெரும்பாலும் வீணானது.

இதோடு நின்றிருந்தால் ஒரு வருடத் தாமதத்தோடு போயிருக்கும். நிற்கவில்லை. 2001-க்குப் பிறகு அன்ரியல் இன்ஜினையும் உள்ளே பிரித்துப்போட்டு, படம் வரையும் பகுதியைத் தாங்களே புதிதாக எழுதினார்கள். அதுவரை செய்த காட்சித் தளங்களில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. 2004-இல் பொருட்களின் அசைவுக்காக மெக்கான் என்ற ஸ்வீடன் கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயங்களையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கேம் வரவில்லை.

‘வயர்டு’ பத்திரிகைக்காக கிளைவ் தாம்சன் 2009-இல் இந்தக் கதையை விரிவாக விசாரித்து எழுதினார். அங்கே வேலை பார்த்தவர்கள் அவரிடம் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்குகிறது. வேறு கம்பெனியின் புது கேம் எதையாவது புரூஸார்ட் ஆடிப் பார்த்துவிட்டு வந்தால் குழுவுக்குக் கலக்கமாக இருக்குமாம். அதில் பார்த்த அம்சம் நம் கேமிலும் வேண்டும் என்பார். பனிப் பிரதேசத்தில் நடக்கும் ‘தி திங்’ வந்தபோது, பாலைவனத்தில் நடக்கும் ட்யூக்கிலும் பனி வேண்டும் என்றார்.

பக்கத்து வீட்டில் புது டைல்ஸ் போட்டதைப் பார்த்துவிட்டு, இன்னும் கூரை போடாத தன் வீட்டின் தரையை உடைக்கச் சொல்லும் மனிதரை நாம் ஊரில் பார்த்திருப்போம். அவரிடம் ரசனைக்குக் குறையில்லை. கையில் பணமும் இருக்கிறது. வீட்டுக்குக் குடிபோகத்தான் முடியாது.

ஐபிஎம் கம்பெனியின் ‘ஓஎஸ்/360’ என்ற மாபெரும் சாஃப்ட்வேர் வேலையை 1960-களில் நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்தை 1975-இல் புத்தகமாக எழுதினார். தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய விதியை ஐ.டி. ஆட்கள் பலரும் கேட்டிருப்பார்கள். அதே புத்தகத்தில் அவர் சொல்லும் இன்னொரு எச்சரிக்கை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவர் தன் வாழ்க்கையில் வடிவமைக்கும் இரண்டாவது சாஃப்ட்வேர்தான் மிகவும் ஆபத்தானது என்கிறார் அவர். முதலாவதில் பயம் இருக்கும், கையடக்கமாகச் செய்வார். அதில் செய்ய முடியாமல் தள்ளிவைத்த ஆசைகளை எல்லாம் இரண்டாவதில் கொட்டுவார். ட்யூக் வரிசையில் இது நான்காவது கேம் என்றாலும், முப்பரிமாணத்தில் இது இரண்டாவது. புரூக்ஸ் சொன்னது அச்சு அசலாக நடந்தது.

டிரெய்லர் செய்த வினை

2001 மே. லாஸ் ஏஞ்சலிஸ் இ3 கண்காட்சியில் புது டிரெய்லர் ஓடியது. அன்றைய தேதிக்கு அது அசத்தல். கூட்டம் கைதட்டியது, பத்திரிகைகள் கொண்டாடின. இதோ வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உள்ளே இருந்த நிலைமை வேறு. டிரெய்லருக்குத் தேவையான காட்சிகள் இருந்தன. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒருவர் உட்கார்ந்து ஆடக்கூடிய கேம் இல்லை. சாஃப்ட்வேர் உலகில் டெமோவுக்கும் ரிலீஸுக்கும் நடுவே இருக்கும் தூரம் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் முன்னால் ஒரே ஒரு வழியில் தடுமாறாமல் ஓடிக் காட்டினால் டெமோ. ஆயிரம் பேர் ஆயிரம் வழியில் அழுத்தினாலும் விழாமல் நின்றால்தான் ரிலீஸ். பாராட்டு டெமோவுக்கே கிடைத்துவிட்டால், மீதித் தூரத்தை நடக்க வேண்டிய அவசரம் போய்விடுகிறது. கைதட்டல் கேட்ட அந்த மே மாதம்தான் அந்தக் கம்பெனிக்கு நேர்ந்த பெரிய கெடுதல் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு எப்போது வரும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: முடியும்போது வரும். அவர்கள் தேதி சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். சொன்ன தேதிக்கு வராத சாஃப்ட்வேர்களை ‘வயர்டு’ ஆண்டுதோறும் பட்டியலிட்டு வந்தது. 2001, 2002 பட்டியல்களில் ட்யூக்தான் முதலிடம். 2003-இல் இனிமேல் போட்டியே வேண்டாம் என்று வாழ்நாள் சாதனையாளர் பட்டம் கொடுத்து ஒதுக்கிவைத்தார்கள்.

வெளியீட்டு உரிமை கைமாறிக் கைமாறி நியூயார்க்கின் ‘டேக்-டூ’ கம்பெனிக்கு வந்திருந்தது. அந்த உரிமைக்காக டேக்-டூ கொடுத்த தொகை 1.2 கோடி டாலர். அந்தப் பணம் போனது உரிமையை முன்பு வைத்திருந்தவர்களுக்கு. 3டி ரியல்ம்ஸுக்கு அல்ல. இந்த விவரம் முக்கியமானது. சாதாரணமாக வெளியீட்டாளர் தவணை தவணையாகப் பணம் கொடுப்பார். இந்தக் கட்டம் முடிந்ததா, காட்டு, அடுத்த தவணை வாங்கிக்கொள் என்பார். எழுதுகிறவர்களுக்கு அது தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைதான் கடிவாளம். இங்கே செலவெல்லாம் மில்லர், புரூஸார்ட் இருவரின் சொந்தக் காசு. 2002-இல் ‘மேக்ஸ் பெய்ன்’ கேமின் உரிமையை டேக்-டூவுக்கு விற்றதில் அவர்களுக்கும் ஒரு பங்கு வந்து, பெட்டி மறுபடி நிரம்பியது. கடைசிக் கணக்கில் இருவரும் ட்யூக்குக்காக 2 கோடி டாலருக்கும் மேல் இறக்கியிருந்தார்கள். தன் காசைப் போடுகிறவரிடம் போய், போதும் என்று யார் சொல்வது? 2006-க்குள் முடித்தால் 5 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்று டேக்-டூ ஆசை காட்டிப் பார்த்தது. அதுவும் பலிக்கவில்லை.

யாருடைய வருடங்கள்?

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புரூஸார்டையே சுற்றி வருகிறார்கள். அவர் பிடிவாதக்காரர், பூரணத்துவத்தில் மயங்கியவர், தன் ரசிகர்களைக் குறைந்த தரத்தில் ஏமாற்ற மனமில்லாதவர். அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நான் கேட்க விரும்புவது வேறு. அந்தப் பதினான்கு வருடம் யாருடையது?

2003-இல் அந்தக் கேமில் முழுநேரமாக வேலை பார்த்தவர்கள் 18 பேர்தான் என்று தாம்சன் எழுதுகிறார். அந்த நாளில் இதே அளவு கேமுக்கு மற்ற கம்பெனிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை வைத்திருந்தன. 1996-இல் சின்னக் குழுவால் சாதித்தோமே, இப்போதும் முடியாதா என்ற நினைப்பு. சந்தையில் கிடைக்கும் சம்பளத்தைவிடக் குறைவாகவே அங்கே பலருக்கும் கொடுக்கப்பட்டது. கேம் வெளியானதும் லாபத்தில் பங்கு உண்டு என்பது பேச்சு. முந்தைய ட்யூக் அள்ளிய பணத்தைப் பார்த்தவர்களுக்கு அது நல்ல ஒப்பந்தமாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்த ஒப்பந்தத்தை இன்னொரு தடவை பாருங்கள். தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி ரிலீஸ் தேதியில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ரிலீஸ் தேதியோ முதலாளியின் மனதில் இருக்கிறது. அவர் திருப்தி அடையும்வரை இவருடைய கூலி வராது. இதில் முதலாளிக்குத் தாமதத்தால் உடனடி நஷ்டம் பெரிதாக இல்லை. பழைய கேமின் பணம் இருக்கிறது. தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடமும் நஷ்டம். அத்தோடு இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் வேலை தேடிப் போனால், இதுவரை என்ன கேம் வெளியிட்டிருக்கிறாய் என்பதுதான் முதல் கேள்வி. ஆறேழு வருடம் உழைத்தும் பெயர் சொல்ல ஒரு கேம் வெளிவராதவர் என்ன பதில் சொல்வார்? 2006-இல் கொத்தாகப் பலர் வேலையை விட்டுப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தவர்களின் விசுவாசத்தை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

முடியும்போதுதான் வெளியிடுவோம் என்று சொன்ன கம்பெனி இது ஒன்றுதானா? இல்லை. டல்லாஸ் வட்டாரத்திலேயே மெஸ்கீட் என்ற ஊரில் இருந்த இட் சாஃப்ட்வேரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் ‘டூம்’ கேமை 1993-இலும், ‘குவேக்’கை 1996-இலும், ‘குவேக் 2’-ஐ 1997-இலும், ‘குவேக் 3 அரீனா’வை 1999-இலும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேமுக்கும் ஓர் எல்லை வைத்தார்கள். இந்தக் கேமில் இது இருக்கும், இது இருக்காது என்று ஆரம்பத்திலேயே வெட்டினார்கள். வெட்டியது அடுத்த கேமில் வந்தது. அடுத்த கேம் என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கை இருப்பவரால்தான் வெட்ட முடியும். ட்யூக் குழுவில் எல்லாவற்றையும் இந்த ஒன்றிலேயே திணிக்கப் பார்த்தார்கள்.

2009 மே 6

2007-க்குப் பிறகு நிலைமை கொஞ்சம் திருந்தியது. ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. அனுபவமுள்ள தலைமை வந்தது. துண்டு துண்டாகக் கிடந்த வேலை ஒரு கேம் உருவத்துக்கு வர ஆரம்பித்தது. அப்போதுதான் சொந்தப் பணம் தீர்ந்தது.

முடிக்க இன்னும் 60 லட்சம் டாலர் வேண்டும் என்று டேக்-டூவிடம் கேட்டார்கள். முன்பணமாக 25 லட்சமும், முடித்துக் கொடுத்தால் 25 லட்சமும் தருவதாக டேக்-டூ சொன்னது. புரூஸார்ட் ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது. 2009 மே 6-ஆம் தேதி குழுவைக் கூப்பிட்டுக் கதை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றுதான் கம்பெனியின் விடைபெறும் செய்தியோடு வெளியானது. அதே மாதம் டேக்-டூ வழக்குப் போட்டது. அடுத்த வருடம் அது சமரசத்தில் முடிந்தது.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. வேலை போனவர்களில் ஒன்பது பேர் அந்தக் கேமை விடவில்லை. முதல் ட்யூக் காலத்திலிருந்தே கூட இருந்த ஆலன் பிளம் அவர்களில் ஒருவர். ‘ட்ரிப்டிக் கேம்ஸ்’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். வெளிவருமா என்ற உத்தரவாதம் யாரும் தரவில்லை. இதே பகுதியில் பிளேனோ என்ற ஊரில் இருந்த ‘கியர்பாக்ஸ்’ கம்பெனியின் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட் ஒரு காலத்தில் 3டி ரியல்ம்ஸில் வேலை பார்த்தவர். அவர் 2010-இல் ட்யூக்கைத் தன் பொறுப்பில் எடுத்தார். கனடாவின் பிரான்யா கேம்ஸ் பலர் சேர்ந்து ஆடும் பகுதியைச் செய்தது. செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த கேம் விழாவில் இது நிஜமாகவே வருகிறது என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் மே மாதத்துக்கு வைத்த தேதிகூட ஒரு மாதம் தள்ளிப்போய், 2011 ஜூன் 10-இல் பல நாடுகளிலும், ஜூன் 14-இல் வட அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது.

விமர்சகர்கள் கிழித்தார்கள். பெரும்பாலோர் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டிய மதிப்பெண் போட்டார்கள். கேமுக்குள் வெவ்வேறு காலம் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தது. இடையில் எத்தனையோ கேம்கள் வந்து மாற்றிவிட்ட ரசனை ஒருபக்கம், தொண்ணூறுகளின் கேலியும் பெண்களைப் பற்றிய மலிவான நகைச்சுவையும் மறுபக்கம். எல்லோரையும் மிஞ்சத்தான் இத்தனை காலம் காத்திருந்தார்கள். காத்திருந்த காலமே அதைப் பழசாக்கிவிட்டது.

தாமதம் எல்லாமே குற்றமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ட்யூக் கதையைக் காட்டி எழுதுகிறவர்களை விரட்டும் மேலாளர்கள் நிறைய உண்டு.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ‘டீம் செர்ரி’ என்று மிகச் சிறிய கம்பெனி இருக்கிறது. ஆரி கிப்ஸன், வில்லியம் பெல்லன் ஆகியோரும் இன்னும் ஓரிருவரும்தான் ஆட்கள். ரசிகர்களிடம் நிதி திரட்டி 2017-இல் ‘ஹாலோ நைட்’ கேமை வெளியிட்டார்கள், பிரமாதமாக விற்றது. அடுத்த கேமான ‘சில்க்ஸாங்’கை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பிறகு வருடக்கணக்கில் பெரும்பாலும் மௌனம். 2022-இல் மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சியில் காட்டப்பட்டபோது பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் என்ற பேச்சு எழுந்தது, அதுவும் தவறியது. கடைசியில் 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்தபோது, வாங்க வந்த கூட்டத்தில் ஆன்லைன் கடைகளே சிறிது நேரம் தடுமாறின. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

ஆறரை வருடம். ட்யூக்கின் பாதி. இவர்களும் சொந்தப் பணத்தில்தான் செய்தார்கள்; இவர்களுக்கும் மேலே கேள்வி கேட்க ஆள் இல்லை. ஆனால் அவர்கள் அஸ்திவாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. முதல் கேமில் கைவந்த கருவிகளையே வைத்து, புது இடங்களையும் புதுப் பாத்திரங்களையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு வருடம் கூடுதலாக எடுத்தால் கேம் ஒரு வருடம் பெரிதானது. ட்யூக்கில் ஒரு வருடம் கூடுதலாக எடுத்தால் முந்தைய வருடம் அழிந்தது. மேலும், டீம் செர்ரியில் தள்ளிப்போட முடிவெடுத்தவர்களும் அதன் விலையைக் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். தன் வருடத்தைத் தானே செலவழிப்பவரை நாம் ஒன்றும் கேட்க முடியாது.

2022 மே மாதம் ட்யூக்கின் 2001-ஆம் வருட வடிவம் எப்படியோ இணையத்தில் கசிந்தது. இருபத்தோரு வருடத்துக்கு முன் கூட்டம் கைதட்டிய அதே கேம். நிஜமான வடிவம்தான் அது, ஆனால் அதை முழுக் கேமாக நினைத்துவிடாதீர்கள் என்று புரூஸார்டே சொன்னார். பாதி காலியான தளங்கள், முடிக்காத காட்சிகள். இருந்தும், அதைத் திறந்து பார்த்த ரசிகர்கள் பலருக்கு 2011-இல் கடைக்கு வந்ததைவிட அது பிடித்திருந்தது. சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் அதைச் செப்பனிட ஆரம்பித்தார்கள். 2001-லேயே இன்ஜினை அப்படியே விட்டு, இருந்ததை முடித்து, விடுபட்டதை அடுத்த பாகத்துக்குத் தள்ளியிருந்தால் 2003 வாக்கில் ஒரு நல்ல கேம் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்த 18 பேருக்கும் பேசிய பங்கு கிடைத்திருக்கும். குழுவும் கலைந்திருக்காது.

சென்னையிலும் கோவையிலும் இன்று சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. சம்பளம் குறைச்சல்தான், ஆனால் புராடக்ட் வெளியே வந்ததும் பங்கு தருகிறோம் என்ற பேச்சு அங்கும் உண்டு. அப்படி ஓர் இடத்தில் சேரப் போகிற இளைஞர்களே, கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ரிலீஸ் தேதியை முடிவு செய்வது யார், அது தள்ளிப்போனால் எங்களுக்கு என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டார்கள் என்றால், பங்கை மறந்துவிட்டு சம்பளத்தை மட்டும் பேசி முடியுங்கள்.